பதில் வரும்வரை சுவர் நகராது

எங்கள் வீட்டுச் சுவர்களுக்குக் கால் உண்டு. எங்கள் வீடு என்றா சொன்னேன்? வாய்ப் பழக்கம். என் தம்பி பூவநாதன் வீடு. சென்னைக்குத் தெற்கே, படூரில், வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிற ஒரு குடியிருப்பின் மேல் மாடி.

ஊரில் நிலம் தீர்ந்துபோனதும் வீட்டைச் சின்னதாகக் கட்டிவிட்டு, உள்ளே இருக்கும் சுவர்களை ஓடவிட்டுவிட்டார்கள். தரையிலும் கூரையிலும் தண்டவாளம். காலையில் எல்லாரும் எழுந்ததும் படுக்கையறைகள் ஒடுங்கிக்கொள்ளும், ஹால் அகலும். படுக்கப் போகும்போது ஹால் ஒடுங்கும், படுக்கையறைகள் அகலும். விசேஷம் என்றால், "மேனேஜர், ஹாலைப் பெரிசு பண்ணு" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டியதுதான். எல்லா அறைகளும் ஓரமாக ஒட்டி நின்று ஹாலுக்கு வழிவிடும். விசேஷம் முடிந்து "பழையபடி" என்றால் ஒவ்வொன்றும் தன் அளவுக்கும் தன் இடத்துக்கும் திரும்பிவிடும்.

மேனேஜர் என்றால் ஆள் இல்லை. கூரைக்குள் எங்கோ உட்கார்ந்துகொண்டு சுவர்களை மேய்க்கிற மென்பொருள். ஆனால் மரியாதை தெரிந்தது. அம்மா போன பிறகு என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அது ஒன்றுதான். "செண்பகவல்லி அவர்களே" என்று ஆரம்பிக்கும்போது எனக்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

எனக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கோவில்பட்டியில் டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தே காலத்தை ஓட்டியவள் நான். ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பெயர்ப் பட்டியல், ஒரு பக்கம் பிள்ளையார் படம், ஒரு பக்கம் பத்திரிகை. ஒன்றைப் பெரிதாக்கு, ஒன்றைக் கீழே இறக்கு, ஒன்றை ஓரமாக நகர்த்து. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல்களை இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த ஜன்னல் ஒன்றுக்குள்ளேயே என்னைக் குடிவைத்துவிட்டார்கள்.

அம்மா இறந்த பிறகு தம்பி பூவா வந்து கூப்பிட்டான். "தனியா இங்க என்னத்துக்குக்கா கிடக்க? புது வீடு வாங்கியிருக்கேன். உனக்குன்னு ஒரு ரூம். வா" என்றான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, என் இரும்புக் கட்டிலை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வந்த புதிதில் என் அறையில் கட்டில், பீரோ, ஒரு மேஜை, அதற்கு மேலேயும் நடக்க இடம் இருந்தது. பிறகு கதை மாறியது. ஒவ்வொரு தடவை ஹாலைப் பெரிதாக்கிவிட்டுப் பழையபடி ஆக்கும்போதும் மற்ற அறைகள் நூல் பிடித்த மாதிரி தங்கள் அளவுக்கு வரும். என்னுடையது மட்டும் கொஞ்சம் குறைந்து வரும். தம்பி பெண்டாட்டி சுபாஷிணி ஓடுகிற மெஷின் வாங்கினாள், அவர்கள் அறை கொஞ்சம் நீண்டது. தம்பி மகள், என் மருமகள் ரிதன்யா டான்ஸ் ஆட ஆளுயரக் கண்ணாடி வைத்தாள், அவள் அறை கொஞ்சம் அகன்றது. மேஜை போயிற்று. பீரோ பால்கனிக்குப் போயிற்று. கட்டிலும் நானும் மிஞ்சினோம்.

ஒவ்வொரு தடவையும் மேனேஜர் கேட்கும்: "செண்பகவல்லி அவர்களே, இந்த இடம் போதுமா?"

நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்: "போதும்."

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கரிசல் பக்கத்து வளர்ப்பு அப்படி. எங்கள் ஊரில் பந்தியில் உட்கார்ந்து "போதும்" என்றால் அது சும்மா. இலைக்கு மேலே கையை விரித்து "போதும், போதும்" என்று நாம் மறைக்க வேண்டும். "அட, என்ன சாப்பிட்டீக" என்று விரல் இடுக்கிலாவது ஒரு கரண்டி அவர்கள் வைக்க வேண்டும். வைக்காமல் நகர்ந்துவிட்டால் அந்த வீட்டு வாசற்படியை மறுபடி மிதிக்க மாட்டோம். அப்படி வளர்ந்த நாக்கு, கூரையில் இருந்து வருகிற குரலுக்கு மட்டும் எப்படி உண்மையைச் சொல்லும்? நான் "போதும்" என்பேன், மேனேஜர் "நன்றி" என்னும், சுவர் அங்கேயே நின்றுவிடும். கரண்டி மறுபடி வரவே வராது.

சரி, என் வாயால் கெட்டேன் என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு கர்வமும் இருந்தது. இந்த வீடு விசாலமாக இருக்கிறதென்றால் அது நான் விட்டுக்கொடுத்த விசாலம். ஹாலில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு தாராளமா இருக்கு!" என்று வாயைப் பிளக்கும்போது, அது என் மேஜை இருந்த இடம், அது என் பீரோ இருந்த இடம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தியாகி பட்டம் யாரும் தரவில்லை. நானே எடுத்துச் சூடிக்கொண்டேன்.

ரிதன்யாவுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே, ஹாலில். மேடை எங்கே, பந்தி எங்கே என்று பார்க்க ஒரு ஒத்திகை நடத்தினார்கள். ஹாலைப் பெரிதாக்கினார்கள், அளந்தார்கள், பழையபடி ஆக்கினார்கள். நான் அறைக்குப் போய்ப் படுத்தேன். காலை நீட்டினேன். பாதம் சுவரில் இடித்தது. தலைமாட்டிலும் சுவர், கால்மாட்டிலும் சுவர். கட்டில் நெருக்கிப்பிடித்த மாதிரி நின்றது.

"செண்பகவல்லி அவர்களே, இந்த இடம் போதுமா? கட்டிலுக்குப் பதில் மடக்கு மெத்தை பயன்படுத்தினால் வசதியாக இருக்கும்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. "போதாது" என்றேன். சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

 மேனேஜர் அதே மரியாதையோடு, "உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் அறையின் அளவை நீங்கள் தீர்மானிக்க இயலாது" என்றது.

மரியாதை கெட்டவனே என்று திட்டலாமென்றால் அது எங்கே மரியாதை கெட்டுப் பேசியது? மறுநாள் பூவாவும் சுபாவும் வேலைக்குப் போன பிறகு, சுவர் கம்பெனிக்கு போன் போட்டு ஆளை வரச் சொன்னேன்.

வந்தவள் ஷாகிரா என்று ஒரு சர்வீஸ் இன்ஜினியர். முப்பது சொச்சம் வயது, காலில் ஷூ, கையில் டேப்லெட். நடையிலேயே அவசரம். என் அறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சுவர்ல கோளாறு ஒண்ணுமில்ல மேடம். கரெக்டாத்தான் வேலை செய்யுது."

"கரெக்டா? காலை நீட்ட முடியல. எல்லா ரூமும் பழைய அளவுக்கு வருது. என் ரூம் மட்டும் தேய்ஞ்சுக்கிட்டே போகுது. இதுக்குப் பேரு கரெக்டா?"

"இருங்க, சொல்றேன்." தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஹாலைப் பெரிசு பண்ணிட்டு மறுபடி சுருக்கினா ரூம் எந்த அளவுக்குத் திரும்பணும்? எங்க ஆபீஸ்ல இதுக்குத்தான் பெரிய சண்டையே நடந்துச்சு. சில பேர் பழைய அளவைச் சேர்த்து வச்சுக்கணும்னாங்க. சில பேர் அப்ப எவ்வளவு இடம் இருக்கோ அதுல பொருத்தினாப் போதும்னாங்க. கடைசியில ரெண்டையும் வச்சுட்டாங்க. வீட்டு ஆளுங்க ரூமுக்கு ஞாபகம் இருக்கும். இதுக்குக் கீழ சுருங்கக் கூடாதுன்னு ஒரு அளவும் இருக்கும். இன்னொரு வகைக்கு ஞாபகமும் கிடையாது, அந்த அளவும் கிடையாது. மிச்ச இடத்துல நிக்கும்."

"எந்த இன்னொரு வகை?"

 "உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா மேடம்?"

"நான் பிறவியெடுத்ததே கம்ப்யூட்டர் முன்னாலதான். சொல்லு."

"அப்பன்னா சுலபம். ஒரு ஃபைலை மூடப் போறப்ப நடுவுல ஒரு சின்னப் பெட்டி வருமே, சேவ் பண்ணவா வேண்டாமான்னு கேக்குமே..."

"டயலாக் பாக்ஸ்."

"அதேதான். அதைப் பெரிசு பண்ண முடியாது. தனியா நிக்காது. பெரிய ஜன்னல் எங்க போகுதோ அதுவும் அங்க போகும். பெரிசை மூடினா அதுவும் மூடிக்கும். உங்க ரூம் அந்த மாதிரி, உங்க தம்பியோட வீட்டு மேல வந்து நிக்கிற ஒரு பெட்டி. எங்க பாஷையில 'விருந்தாளி'."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை ஆயிரம் டயலாக் பாக்ஸைப் படிக்காமலே தட்டி மூடியிருப்பேன்!

"அப்ப அது தினம் என்கிட்ட 'போதுமா'ன்னு கேக்குதே, நான் 'போதும்'னு சொல்லுதேனே, அது?"

"அது எல்லார்கிட்டயும் கேக்கும் மேடம். மரியாதைக்கு. விருந்தாளி சொல்றது எங்கயும் ஏறாது."

இந்த இடத்தில் நான் அழுதேன். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? இடம் போனதற்கு அழவில்லை. இத்தனை காலம் நான் கொடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்தேனே, நான் எதையுமே கொடுக்கவில்லை. அவர்களாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் "போதும்" யாருக்கும் தேவைப்படவே இல்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?"

"தண்ணி கிடக்கட்டும். என்னை விருந்தாளின்னு போட்டது யாரு?"

"வீட்டை ஒப்படைக்கிற அன்னிக்கு எல்லார்கிட்டயும் குரல்ல சம்மதம் வாங்குவோம். ஓடுற சுவர் பாருங்க, நாளைக்கு யாராவது கேஸ் போட்டா? நீங்க பேசினது, உங்களப் பத்திப் பேசினது, ரெண்டையும் நீங்க கேக்கலாம். போடட்டுமா?"

போட்டாள். முதலில் என் குரல்தான் வந்தது. எவ்வளவு சந்தோஷமான குரல்! "நான் விருந்தாளிதான்பா. நாலு நாள் இருந்துட்டுக் கிளம்பிருவேன்." கூடவே ஒரு சிரிப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் சொல்கிற வார்த்தை. வாழ வந்தவள்கூட நாலு நாள் என்றுதான் சொல்வாள். அப்படிச் சொன்னால்தான் வீட்டுக்காரர் பதறிப்போய் மறுப்பார். அந்த மறுப்பைக் கேட்கத்தானே சொல்கிறோம்?

பூவாவும் மறுத்தான். அவன் குரல் கணீரென்று வந்தது. "என்னக்கா இப்படிப் பேசுத! இது உன் வீடு. நீ எங்கயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

அழுத முகத்தோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா! அவன் சொல்லியிருக்கான் பாரு. உங்க ஆளுதான் தப்பாப் போட்டுட்டான்" என்றேன்.

ஷாகிரா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு முடியவில்லை. "எல்லாருக்கும் காப்பி போடுதேன்" என்கிற என் குரல். என் செருப்புச் சத்தம் தேய்ந்து சமையலறைப் பக்கம் போயிற்று. பிறகு வீட்டை ஒப்படைக்க வந்த கம்பெனிக்காரன் கேட்டான்: "சார், அக்காவை நிரந்தரம்னு போட்டுறவா?"



"இல்ல," என்றான் என் தம்பி. கணீர்க் குரல் எங்கோ போய்விட்டது. "அவங்க சொன்னபடியே போட்டுக்கோங்க."

ஷாகிரா டேப்பை அணைத்தாள்.  அன்றைக்கு நான் போட்ட காப்பியை அவன் "உன் கை மணமே தனிக்கா" என்று ரசித்துக் குடித்தது நினைவு வந்தது. பாவி, அந்த வாயால்தானே குடித்தான்!

அவள் எழுந்து ஷூ கயிற்றைச் சரி செய்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். விருந்தாளி ரூமைச் சுருக்கிச் சுருக்கி ஆளைத் துரத்துறாங்கன்னு முன்னாடியே புகார் வந்துச்சு. அதனால ஒரு விதி வச்சிருக்கோம். விருந்தாளி வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். இருக்கட்டுமா, போகட்டுமான்னு. மேனேஜர் வழியாக் கேக்கணும். அவர் பதில் சொல்ற வரைக்கும்..."

"எந்தச் சுவரும் நகராது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படித் தெரியும்?"

"டயலாக் பாக்ஸுக்குப் பதில் சொல்லாம பின்னால இருக்கிற ஜன்னலை என்னைக்காவது தொட விட்டிருக்கா? தட்டித் தட்டிப் பாத்தாலும் டிங் டிங்குன்னு சத்தந்தான் வரும்."

"பதில் 'இருக்கட்டும்'னா நீங்க நிரந்தரம். கட்டில், பீரோ, மேஜை அளவுக்குக் கீழ உங்க ரூம் சுருங்காது, ஹாலைப் பெரிசு பண்ணினாலும். 'போகட்டும்'னா..." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "யோசிச்சுக் கேளுங்க மேடம். இந்தக் கேள்வியக் கேட்ட வீடு எதுவும் பழையபடி ஆனதில்ல."

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். ரிதன்யாவுக்குச் சிநேகிதிகளோடு வெளியே சாப்பாடு. ஹாலில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சுபா சாதம் வைத்தாள்.

"போதுமா அண்ணி?"

"போதாது."

அவள் கை ஒரு கணம் நின்றது. இன்னொரு கரண்டி வைத்தாள். "இப்போ?"

"போதாது. வை."

பூவா சிரித்தான். "அக்காவுக்கு இன்னைக்குப் பசி போலிருக்கு."

"பசி இன்னைக்கு வந்ததில்ல பூவா. இன்னைக்குத்தான் சொல்லுதேன்." சாதத்தைப் பிசையாமல் அப்படியே வைத்துக்கொண்டு சொன்னேன். "நான் ஊரோட போயிடலாம்னு பாக்கேன்."

நான் எதிர்பார்த்தபடியே பதறினான். "என்னக்கா நீ! எதுக்கு இப்ப ஊருக்கு? யார் என்ன சொன்னா? இது உன் வீடு. நீ எங்கயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

அதே வார்த்தை. அதே கணீர். ஒரு எழுத்து மாறவில்லை.

"சரி. இதையே மேனேஜர்கிட்ட சொல்லு. அக்கா இங்கதான் இருப்பான்னு."

மேனேஜர் தன் பெயரைக் கேட்டதும் விழித்துக்கொண்டது. "சொல்லுங்கள், பூவநாதன் அவர்களே."

தம்பி சுபாவைப் பார்த்தான். சுபா ரசப் பாத்திரத்தைப் பார்த்தாள். கூரையில் மேனேஜரின் சின்னப் பச்சை விளக்கு அவன் வார்த்தைக்காக எரிந்துகொண்டே இருந்தது.  சொல்லிவிடேன்டா, ஒரு வார்த்தைதானே, அந்தப் பதிவைக் கேட்டதையே மறந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஒண்ணுமில்ல, மேனேஜர்" என்றான்.

பச்சை விளக்கு அணைந்தது.

"நிச்சயம் முடியட்டும்க்கா. அதுக்கு என்ன இப்ப அவசரம்? எல்லாம் பாத்து நிதானமாச் செஞ்சுக்கலாம்."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஹாலின் நடுவில் நின்றேன். என் மேஜை இருந்த இடம்.

"மேனேஜர், விருந்தாளி செண்பகவல்லி பேசுதேன். என் தம்பிகிட்ட ஒரு கேள்வி. அக்கா இருக்கட்டுமா, போகட்டுமா?"

"கேள்வி பதிவாகிவிட்டது. பூவநாதன் அவர்களே, இருக்கட்டுமா, போகட்டுமா? பதில் வரும்வரை இந்த வீட்டில் சுவர்கள் நகராது."

அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் போதும், ஏதோ ஒன்று வெளியே வந்துவிடுமே! அன்றைக்கு அவர்கள் படுக்கையறைகள் பகல் அளவிலேயே ஒடுங்கிக் கிடந்தன. ஹாலில்தான் பாய் விரித்துப் படுத்தார்கள். நான் முழங்காலை மடக்கிக்கொண்டு என் பெட்டிக்குள் படுத்தேன்.

விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டேன். வாசலில் பூவா வந்து நின்றான். "எங்கக்கா கிளம்பிட்ட?"

"தாம்பரத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் சொல்லியிருக்கேன். நீ பதில் சொல்லு. அது வரைக்கும் அங்க இருக்கேன்."

"என்னக்கா சின்னப்பிள்ளை மாதிரி..." என்று இழுத்தான். ஆனால் பையைப் பிடுங்கி உள்ளே வைக்கவில்லை. எங்கள் ஊரில் பிடுங்கித்தான் வைப்பார்கள்.

ஹாஸ்டல் அறை சின்னதுதான். கூடவே ரெண்டு பெண்கள். ஒருத்தி தூக்கத்தில் பேசுவாள். ஆனால் செங்கல் சுவர். தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கட்டிலில் காலை நீட்டினேன், நீட்டிக்கொண்டே கிடந்தேன்.

முதலில் சுபாதான் போன் செய்தாள்.

"அண்ணி, உங்களுக்கே தெரியும். நிரந்தரம்னு போட்டா ஹால் முழுசா விரியாது. சம்பந்தி வீட்டுல அவ்வளவு பேரு வராங்க. மேடை போட்டா பந்திக்கு இடமில்ல. நீங்க கேள்விய வாபஸ் வாங்கிட்டீங்கன்னா..."

"உன் வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு சுபா. ரெண்டுல எந்த வார்த்தை சொன்னாலும் சுவர் நகரும்."

"அவருக்கு உங்க மேல உயிரு அண்ணி. எப்படிப் போன்னு சொல்வாரு?"

"அப்ப இருன்னு சொல்லச் சொல்லு."

 "குக்கர் விசில் அடிக்குது" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து பூவா. தினமும் பேசினான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று அவ்வளவு பாசம். "அத்தைக்காரி நீ இல்லாம எப்படிக்கா நிச்சயத் தட்டு மாத்துறது? நீ வந்துதான் ஆகணும்" என்றான்.

"வாரேன். வராம இருப்பேனா? மேனேஜருக்குப் பதில் சொன்னியா?"

"அந்த மெஷின் கிடக்கு, விடுக்கா. உனக்கும் எனக்கும் நடுவுல மெஷின் எதுக்கு?"

"மெஷின்கிட்டத்தான் நீ மனசில இருக்கிறதைச் சொல்லுவ பூவா. எனக்குத் தெரியும்."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பதிவைக் கேட்டேன் என்று நான் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது காலில் விழுந்திருப்பான். அது எனக்கு வேண்டாம். அவனாகவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹால் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், ரெண்டு பந்தியாகப் போட்டுக்கொள்ளலாம், அக்கா இருக்கட்டும் என்று அவன் சொல்வான் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தூக்கத்தில் பேசுகிற பெண் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கல்யாணமா ஆன்ட்டி?" என்றாள். "மருமகளுக்கு நிச்சயம்" என்றேன். "நான்தான் தட்டு மாத்தணும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

போன் ஒலித்தது. பூவா இல்லை. மேனேஜர்.

"செண்பகவல்லி அவர்களே, வணக்கம். உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. விதிப்படி அதை அவர் குரலிலேயே உங்களுக்கு அனுப்புகிறேன்."

 போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

முதலில் சத்தங்கள். பாத்திரம் வைக்கிற சத்தம், யாரோ "மேடைக்காரங்க வந்து நிக்கிறாங்க சார்" என்பது, சுபா "சீக்கிரம் சொல்லுங்க" என்று கிசுகிசுப்பது. பிறகு அவன் குரல். அந்தக் கணீர்க் குரல் இல்லை. எனக்குக் காட்டாமல் வைத்திருந்த இன்னொரு குரல், காப்பி போட நான் உள்ளே போன பிறகு வந்த குரல்.

"போகட்டும்."

அதற்குப் பின்னாலேயே, பதிவு நிற்பதற்குள், சுவர் தண்டவாளத்தில் உருளுகிற சத்தம் கேட்டது. என் அறைச் சுவர்தான். அதன் சத்தம் எனக்குத் தெரியும்.

நான் தலையில் வைத்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் தோன்றவில்லை. அந்தப் பெண் "என்ன ஆன்ட்டி, கார் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

மேனேஜர் இன்னும் போனை வைக்கவில்லை. ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது.

"செண்பகவல்லி அவர்களே, இந்தப் பதில் போதுமா?"

"போதும்" என்றேன். இந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னேன்.